சித்திரக் கதைக்கு என்ன விலை?

பழைய புஸ்தகம் சேர்ப்பவர்களைப் பற்றி நம்மவர்களுக்கு எப்போதுமே ஓர் ஏளனம் உண்டு. சேர்ப்பது சித்திரக் கதைப் புஸ்தகம் என்றால் கேட்கவே வேண்டாம். ஐம்பது வயதான மனிதர், கல்லூரிக்குப் போகிற பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, இரும்புக்கை மாயாவியைத் தேடி ஊர் ஊராக அலைகிறார் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சம்மதமில்லை. ஆனால், சேர்ப்பவர்கள் தங்கள் சரக்கை மதிப்பிடுகிற முறையும் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் கோபித்துக்கொள்ள இடமுண்டு. இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம். சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புஸ்தகமே இரும்புக்கை மாயாவிதான். 1984-ல் அவருடைய மகன் எஸ். விஜயன் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே வருஷம் தினத்தந்தி ஸ்தாபனத்தாரின் ராணி காமிக்ஸும் வந்தது. 2005-ல் நின்றும் போயிற்று. ஜேம்ஸ் பாண்டும், முகமூடி போட்ட வேதாளரும், மாண்ட்ரேக்கும், ஸ்பைடரும் இவற்றின் வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக் கடைக் கயிற்றில் வந்து தொங்கினார்கள். அவிநாசியும் சேவூரும் திருப்பூரும் இதற்கு விலக்கல்ல. ஒரு பையன் காசு கொடுத்து வாங்கினால் தெருவில் பத்துப் பையன்கள் படித்தார்கள். அட்டை போகும், அப்புறம் முதல் நாலு பக்கம் போகும், கடைசியில் எடைக்குப் போகும்.

இன்று அந்தப் புஸ்தகங்களுக்கு ஆயிரக் கணக்கில் விலை சொல்கிறார்கள் என்றால் அதற்குக் காரணமே அந்தப் பத்துப் பையன்கள்தான். அவர்கள் படித்துக் கிழித்திராவிட்டால் பிரதிகள் குறைந்திரா; குறைந்திராவிட்டால் விலை ஏறியிராது. அமெரிக்காவில் நடந்ததும் இதேதான். சூப்பர்மேன் முதன்முதலில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸின் முதல் இதழ், 1938-ல் பத்து சென்ட் விலைக்குச் சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சாயிற்று. இப்போது நூறு பிரதி போல மிஞ்சியிருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். 2024-ல் அதில் ஒன்று 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் ஏறக்குறைய ஐம்பது கோடி ரூபாய். சூப்பர்மேனைச் சிருஷ்டித்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அந்தக் கதாபாத்திரத்தின் உரிமையை விற்றது 130 டாலருக்கு!

இந்த ஜெரி சீகலுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1960-களின் நடுவில் அவர் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு ஸ்பைடர் கதைகளை எழுதிக் கொடுத்தார். அந்த ஸ்பைடர்தான் பின்னால் சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்தான். சூப்பர்மேனைப் படைத்தவருடைய கதையைத்தான் படிக்கிறோம் என்று தெரியாமலே நாங்கள் பள்ளிக்கூடத்து மரத்தடியில் படித்தோம். தெரியாததனால் ருசி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

விலை ஏறினவுடன் மதிப்பீட்டு சாஸ்திரம் ஒன்றும் பிறந்துவிட்டது. 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் இதற்கென்றே கம்பெனி இருக்கிறது. புஸ்தகத்தை அனுப்பினால் மடிப்பு, கறை, துருப்பிடித்த கம்பி, மூலை மழுங்கல் எல்லாவற்றையும் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் அதைப் பிரித்துப் படிக்க முடியாது. கூட்டை உடைத்தால் மார்க் போய்விடும். புஸ்தகம் என்ற பெயரில் ஒரு பொருள் மிஞ்சும். புஸ்தகத்தின் காரியம் நின்றுபோகும்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்குவது சுலபம். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் என்று ஒன்று உண்டு. துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் பிசகு பார்ப்பார்கள். சின்னப் பொட்டு இருந்தாலும் அந்தப் பீஸ் கப்பலுக்குப் போகாது. ‘செகண்ட்ஸ்’ என்று திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய்விடும். அங்கே அதை வாங்கிப் போட்டுக்கொள்கிறவனுக்குக் குளிர் ஒன்றும் கூடுதலாக அடிப்பதில்லை. ஆனால் சட்டைக்கு அந்தப் பரிசோதனை நியாயம். அதை இனிமேல்தான் ஒருவன் போடப்போகிறான். நாற்பது வருஷம் உழைத்து முடித்த புஸ்தகத்தை, நேற்றுத்தான் மிஷினிலிருந்து இறங்கினது போல இருக்கிறதா என்று பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

அவிநாசியில் எனக்குத் தெரிந்த ஒருவர், பனியன் கம்பெனி உத்தியோகஸ்தர், நல்ல மனிதர், நானூறு புஸ்தகத்துக்கு மேல் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில். பழைய தீபாவளி மலர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார்.

“பாருங்ணா, ஒரு மடிப்பு இல்ல. பர்ஸ்ட் குவாலிட்டிங்க.”

“கதை எப்படி இருக்குதுங்க?” என்றேன்.

“படிக்கிலீங்ணா. படிச்சா மடிப்பு விழுந்துருமுங்க.”

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருந்தார்.

நம் தேசத்துப் பழைய வழக்கம் இதுவல்ல. ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் சித்திரங்களோடு சேர்த்து, பைண்டு செய்து பரணில் வைத்த வீடுகள் எத்தனை! ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், ஊசி போட்ட இடத்தில் ஓர் எழுத்து உள்ளே போயிருக்கும், முதுகில் கோணல் எழுத்தில் பெயர் இருக்கும். அமெரிக்கக் கம்பெனியிடம் கொடுத்தால் இரண்டு மார்க்கூடத் தேறாது. ஆனால் பாட்டி படித்து, மகள் படித்து, பேத்தி படித்த புஸ்தகம் அது. சேர்ப்பது என்பது நமக்குத் திரும்பப் படிப்பதற்கான ஏற்பாடாக இருந்தது. சித்திரக் கதை ரஸிகர்களிலும் நாலைந்து இதழ்களைச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தவர்கள் உண்டு. இன்றைய வியாபாரி அந்தப் பைண்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். எனக்கோ அதுதான் முதல்தரப் பிரதி.

சரி, மடிப்பும் கறையும் அளவுகோல் அல்ல என்றால் வேறு எதை வைத்து மதிப்பிடுவது? இலக்கியத்தை எதைக் கொண்டு மதிப்பிடுகிறோமோ அதைக் கொண்டுதான். சித்திரம் எப்படி, கதை எப்படி, தமிழ் எப்படி என்று கேட்கவேண்டும்.

இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1962-ல் இங்கிலாந்தில் வாலியண்ட் என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெஸூஸ் பிளாஸ்கோ. ஆராய்ச்சிக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகிறான். கை மாத்திரம் தெரிகிறது. மறைந்துபோகும் மனிதன் புதிதல்ல, 1897-லேயே எச். ஜி. வெல்ஸ் எழுதிவிட்டார். ஆனால் சித்திரக்காரனுக்கு அது பெரிய சங்கடம். கதாநாயகன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் எதை வரைவது? அந்தக் கை சங்கடத்தைத் தீர்த்துவிட்டது. இருட்டில் ஒரு கை மட்டும் மிதந்து வந்து பெட்டகத்தைத் திறக்கிறது. பிளாஸ்கோவின் கறுப்பு மைக்கு அது எவ்வளவு பெரிய வாய்ப்பு! கதையும் ஆரம்பத்தில் வீரக் கதை அல்ல. சக்தி கிடைத்தவுடன் அந்த மனிதன் திருடப் போகிறான். சட்டத்தின் பக்கம் வந்து சேர்வதெல்லாம் பிற்பாடு. அந்த முதல் பகுதிக்கு இன்றும் என் ஓட்டு உண்டு. பின்னால் வந்த சாகசங்களில் பலவற்றை இப்போது படித்தால் கொட்டாவிதான் வருகிறது. ஆனால் விலைப் பட்டியலில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. எது அரிதோ அதற்குத்தான் விலை அதிகம்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். சேர்ப்பவர்களில் அநேகர் கவனிக்காதது இதுதான். நமக்கு முக்கியமானதும் இதுதான். படம் அன்னியருடையது, கதை அன்னியருடையது. இந்தப் புஸ்தகங்களில் நம்முடையது என்று இருப்பது தமிழ் ஒன்றே. ஆங்கிலத் தலைப்பை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தால் ‘எஃகு நகம்’ என்று வரும். அப்படி ஒரு புஸ்தகத்தை எந்தப் பையன் வாங்கியிருப்பான்? ‘மாயாவி’ என்ற நம் பழங்கதைச் சொல்லைக் கொண்டுவந்து இரும்புக் கையோடு ஒட்டவைத்தார்களே, அது ஒரு சிருஷ்டி. கோசினியும் தபாரியும் பிரெஞ்சில் படைத்த இஸ்னோகுட் என்ற சதிகார மந்திரி, தமிழில் ‘மதியில்லா மந்திரி’ ஆனான். மூலப் பெயரில் ஒரு சிலேடை. அதைத் தமிழில் கொண்டுவர முடியாது. பதிலுக்கு மோனையைக் கொடுத்து ஈடு கட்டியிருக்கிறார்கள். ஒரே முகமூடி வீரனை ஒரு பிரசுரம் வேதாளர் என்றது. ராணி காமிக்ஸ் மாயாவி என்றது. இரண்டில் எது பொருத்தம் என்று கேட்டால் நான் வேதாளரையே சொல்வேன். மண்டையோட்டுக் குகையில் வசிப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

இன்னொரு கஷ்டம் இடம். ஆங்கிலத்துக்காகப் போட்ட பேச்சுக் குமிழி சின்னது; நம் சொற்களோ நீளமானவை. அந்த இடத்துக்குள் அர்த்தமும் வேகமும் கெடாமல் ஒரு வாக்கியத்தை அடக்குவது, கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் சுலபமாக வராது. சில இதழ்களில் அது அற்புதமாக வந்திருக்கிறது. சிலவற்றில் ஆச்சரியக் குறிகளைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். இதைப் பிரித்துச் சொல்ல ஒரு விமர்சகனும் இல்லை. நம்பர் விட்டுப்போன இதழைத் தேடிப் பிடிக்க மாத்திரம் நூறு பேர் இருக்கிறார்கள்.

மறுபதிப்பைப் பற்றி நடக்கிற சண்டையும் இதிலிருந்து வந்ததுதான். ‘இரத்தப் படல’த்தின் 18 பாகங்கள் 2010-ல் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக வந்தன, 2018-ல் வர்ணத்தில் வந்தன. படிக்கிறவனுக்கு இது லாபம். பழைய பிரதியைப் பூட்டி வைத்தவருக்கு வயிற்றெரிச்சல். மறுபதிப்பு வந்தால் சந்தோஷப்படுகிறாரா, வருத்தப்படுகிறாரா என்று பார்த்தால் போதும். ஒருவர் ரஸிகரா வியாபாரியா என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சேர்ப்பவர்களை நான் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? அவர்கள் இல்லாவிட்டால் இதில் பாதி இன்று கண்ணில் படாது. கௌரவமான நூல்நிலையங்கள் சித்திரக் கதையை உள்ளே விடாத காலத்தில், எடைக் கடையிலிருந்து அதை மீட்டவர்கள் அவர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, பெரியவர்கள் குப்பை என்று தள்ளிய நோட்டீஸையும் பாட்டுப் புஸ்தகத்தையும்கூடச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரம் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று யாரும் போய்ப் படிக்கலாம். அவரும் அலைந்து அலைந்துதான் சேர்த்தார். ஆனால் சேர்த்தது முடிவில் பொதுச் சொத்தாயிற்று.

சித்திரக் கதை அன்பர்களிடமும் அதற்குரிய அறிவு இருக்கிறது. அந்த இங்கிலாந்துப் பத்திரிகைகள் ஓவியர் பெயரை அச்சிடுவதே இல்லை. கோட்டையும் நிழலையும் பார்த்தே, இது பிளாஸ்கோ, இது ரெஜ் பன் என்று அடையாளம் கண்டு சொன்னவர்கள் ரஸிகர்கள்தான். எந்தத் தமிழ் இதழ் எந்த மூலத்திலிருந்து வந்தது, எத்தனை பக்கம் குறைத்தார்கள், யார் தமிழ் செய்தது என்பதையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறார்கள். ஆகஸ்டு மாதம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் அவர்கள் கூடிப் பேசுவதைக் கேட்டால், பண்டிதர்கள் பாடபேதம் பேசுவது போலவே இருக்கும். அவ்வளவும் வாய்ப்பேச்சாகவே போய்விடுகிறது என்பதுதான் குறை.

ஆகவே என் யோசனை இது. விலைப் பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வாங்கட்டும். புஸ்தகத்தின் பெயர், வருஷம், மூலம், ஓவியர், தமிழ் செய்தவர், கதை தேறுமா தேறாதா என்று எழுதட்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டுமானால் உறையைப் பிரித்துப் படித்துத்தான் ஆகவேண்டும். இரண்டு பிரதி இருப்பவர்கள் ஒன்றைக் கிளை நூலகத்துக்குக் கொடுக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் எடுத்துப் படித்து, மடித்து, கிழிக்கட்டும். அந்தக் கிழிசலைக் கண்டு யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை. அதற்காகத்தான் அதை அச்சிட்டார்கள்.