கோட்டோரம் முழந்தாளிட்டு

றக்பியைப் படம்பிடிக்க நல்ல இடம் கோல் கம்பத்துக்குப் பின்னால், மூலைக்கொடிப் பக்கம். காரணம் விதியிலேயே இருக்கிறது. பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. ஆனால் ஓடுவது முன்னோக்கித்தான். ஆகவே பந்தோடு வருகிறவனின் முகம் நம்மைப் பார்த்தே வரும்.

1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் மோதும் பிரட்பி கேடய ஆட்டத்தில் கோட்டோரம் பார்த்தால், படக்காரர்கள் வரிசையாக முழந்தாளிட்டிருப்பார்கள். பணிவெல்லாம் இல்லை. தாழ இருந்து எடுத்தால் முன்னால் புல் மங்கிப் பச்சையாகும், ஆள் நெடுத்து நிற்பான்.

லைன்அவுட்டில் ஒருவனைத் தூக்கிப் பிடிக்கும் படம் அழகுதான், எல்லாரிடமும் இருக்கும். ஸ்கிரமில் எட்டும் எட்டும் பதினாறு முதுகுகள், வேறொன்றும் கிடைக்காது. என் விருப்பம் டாக்கிள், பந்தோடு ஓடுகிறவனை மடக்கி வீழ்த்துவது. 400 மி.மீ. லென்ஸ், 1/1000 செக்கன். தோள் விலாவில் இறங்கும் கணத்தில் கன்னம் ஒரு பக்கமாக இழுபடும், பற்காப்பு பாதி வெளியே தெரியும், முடியிலிருந்து வியர்வை முத்துமுத்தாகச் சிதறும். வெறுங்கண்ணுக்கு இதில் ஒன்றும் அகப்படாது. மழை பெய்து சேறானால் இன்னும் நல்லது, கமராவுக்கு ஒரு பொலித்தீன் பை போதும்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வியூஃபைண்டர் முழுக்க ஒரே முகமாகிவிட்டால் படத்தை மறந்து எழுந்து ஓடுங்கள். தொண்ணூறு கிலோ உடம்பு கோட்டைக் கண்டதும் நிற்காது.