காப்பி அடித்தவரின் சொந்தக் கை

‘நிறைய படிச்சா நம்ம பாணி போயிடும்.’ எழுத ஆரம்பிக்கும் நண்பர்கள் சிலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கும் பையன்களிடமும் இதே பயம் உண்டு. இது வீண் பயம் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியை பேஸ் கித்தாரிலிருந்தே எடுக்கிறேன்.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸிலிருந்து மின் கித்தாருக்கு வந்தவர். வந்த பிறகும் பழைய வழக்கப்படி ஒரே விரலால்தான் மீட்டினார். 1960-களின் இசைத்தட்டுகளில் அவர் பெயர் இருக்காது. 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் அச்சேறியது. தன்னைப் பாதித்தவர்களாக பால் மெக்கார்ட்னி சொன்ன பெயர்களில் ஜேமர்சனும் பிரையன் வில்சனும் உண்டு. ஆனால் மெக்கார்ட்னியைக் கேட்டால் ஜேமர்சன் மாதிரியா இருக்கிறது? ஜேமர்சன் ஆட வைக்கிறார். மெக்கார்ட்னி அடியில் இன்னொரு பாட்டே பாடுகிறார். அவர் எடுத்துக்கொண்டது சுரங்களை அல்ல, ‘பேஸுக்கு இவ்வளவு சுதந்திரம் உண்டா’ என்ற துணிச்சலை.

நம் பக்கத்தில் இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். மேலே ஒரு மெட்டு, கீழே அதோடு பேசிக்கொண்டே போகும் இன்னொரு மெட்டு என்பது பாக்கிடம் கற்ற பாடம். ‘ரெட்டை வால் குருவி’யில் (1987) யேசுதாஸ் பாடிய அந்தச் சோழன் பாட்டில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது பாடகருக்குப் பாய் விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை, கூடவே நடக்கிறது. அதில் பாக் இருக்கிறார் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். நன்றாகச் செரித்த சாப்பாடு அப்படித்தான்.

இனி நெகிரி செம்பிலானுக்கு வருகிறேன். ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசித்த குழு ஒன்றில் என் பெரியப்பா பேஸ் வாசித்தார். நோட்டு படிக்கத் தெரியாது, கேசட்தான் வாத்தியார். பேட்டரி இறங்கினால் பாட்டின் சுருதியும் இறங்கும். உடனே கம்பியைத் தளர்த்திக்கொண்டு பழகுவாராம்.

இதில் ஒரு பொறியியல் விஷயம் இருக்கிறது. பேஸ் கித்தாரின் அடிக்கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். சின்ன ரேடியோ ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகத் தர முடியாது. அது தருவது மேலே உள்ள கிளை ஒலிகளைத்தான். அடிச்சுரத்தை நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. வேகமாக ஓடும் இடங்களில் அந்த ஊகமும் தடுமாறும். அங்கெல்லாம் பெரியப்பா தன் கையில் ஏற்கெனவே இருந்ததைப் போட்டார். அவர் கையில் இருந்தது உறுமி. தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ‘ஊம்ம்’ என்று ஓர் இழுப்பு வருமே, அதைக் கம்பியில் விரலை வழுக்கிக் கொண்டுவந்தார். சென்னை ஒலிப்பதிவில் அந்த இழுப்பு கிடையாது.

கேட்டால், ‘அட, எல்லாம் காப்பிதாம்பா’ என்பார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காது பிடித்ததற்கும் கை போட்டதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அவருடைய பாணி அங்கேதான் பிறந்தது.

இன்று எனக்கு அந்தச் சிரமம் இல்லை. யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கி, எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று திரையிலேயே பார்த்துப் பழகுகிறேன். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் எந்த ஃப்ரெட் என்று சொல்லும் திரை, ஏன் அந்த ஃப்ரெட் என்று சொல்வதில்லை. பழைய பம்பு ஒன்றைக் கழற்றும்போதும் இதே கதைதான். போல்ட்டுகளை எண்ணி வைப்பதால் வடிவமைத்தவரின் மனசு பிடிபடாது. இங்கே ஏன் நான்கு, அங்கே ஏன் ஆறு என்று கேட்க வேண்டும். ஒரே ஆளை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. இரண்டு மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போதுதான் எழுகிறது. எழுத்துக்கும் இதையேதான் சொல்வேன். ஓர் எழுத்தாளரை மட்டும் படிப்பவருக்குத்தான் பாணி போகும் ஆபத்து அதிகம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனம் தாமான்களுக்குப் போய்விட்டது. பெரியப்பாவின் குழு வாசித்ததற்கு ஒலிப்பதிவு எதுவும் இல்லை. ‘சினிமாப் பாட்டை அப்படியே அடிச்சாங்க’ என்ற ஒரு வரியில் அவர்களை நாம் முடித்துவிடுகிறோம். ‘அப்படியே’ என்ற அந்தச் சொல் பொய். வாசித்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். விமர்சனம் எழுதுகிற நாம் போய் உட்கார்ந்து, ‘இந்த இடத்தை ஏன் இப்படி வாசிச்சீங்க?’ என்று கேட்க இப்போதும் நேரம் இருக்கிறது.