காதலும் கடமையும்: ‘ஐடா’ இசைநாடகம் பற்றிய ஓர் ஆய்வு

காதலுக்கும் கடமைக்கும் இடையே எழும் போராட்டம் மேலைநாட்டு இசைநாடகங்களிற் பெரிதும் பயின்றுவரும் பொருளாகும். இத்தாலிய இசைமேதை வேர்டி இசையமைத்து, 1871 டிசெம்பர் 24ஆந் திகதி கெய்ரோ நகரில் அரங்கேறிய ‘ஐடா’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இந்நாடகத்திற் காதலே கடமையை வென்றது என்பர் பலர். அம்முடிபு பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

எகிப்தியப் படைத்தலைவன் ராடமேஸ், அடிமைப்பெண் ஐடாவைக் காதலிக்கின்றான். அவள் பகைநாடாகிய எதியோப்பியாவின் மன்னன் மகள் என்பதை அவன் அறியான். எகிப்திய இளவரசி அம்னேரிஸோ அவனை விரும்புகின்றாள். சிறைப்பட்டு வந்த ஐடாவின் தந்தை, எகிப்தியப் படை செல்லும் வழியைக் காதலனிடம் அறியுமாறு மகளை வற்புறுத்துகின்றான். நைல் நதிக்கரையில், தப்பியோடுதற்குக் காவலற்ற வழி யாதென ஐடா வினவ, ராடமேஸ் கூறிவிடுகின்றான். மறைந்துநின்ற தந்தை அதனைக் கேட்டுவிடுகின்றான்.

தனித்திருந்து கேட்போன் இசையின்பத்தில் மயங்கிக் காதலர் பக்கமே சாய்வான். பலர் கூடித் திரையிற் கண்டு, அங்கந்தோறும் நிறுத்திக் கலந்துரையாடின் நிலைமை வேறாகும். சோபியா லோரன் நடிக்க, ரெனாட்டா டெபால்டி பின்னணி பாடிய 1953ஆம் ஆண்டுத் திரைப்படம் போன்றவை இதற்குத் துணைபுரிவன. ராடமேஸ் துரோகியோ என ஒருவர் வினவுவார். காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவனுக்கில்லையே என்பார் மற்றொருவர். காதலனை வஞ்சித்த ஐடா குற்றமற்றவளோ என்பது அடுத்து எழும் வினா.

இவ்வாறு நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகும். ஐடாவை வஞ்சனைக்குத் தூண்டியது காதலன்று. தந்தைக்கும் தாய்நாட்டுக்கும் ஆற்றவேண்டிய கடமையே. ராடமேஸோ தப்பியோட வாய்ப்பிருந்தும் ஓடாது, தலைமைக் குருவிடம் தானே சரணடைகின்றான். குருமார் மும்முறை வினவியும் வாய்திறவான். ஐடாவை மறந்தால் உயிர்பிழைக்கலாம் என அம்னேரிஸ் இரந்தும் இசையான். காதலையும் கைவிடாது, கடமை தவறியதற்குரிய தண்டனையையும் மறுக்காது நிற்றலே அவன் பெருமை.

இரண்டாம் அங்கத்து வெற்றி ஊர்வலத்தின் ஆரவாரத்தையே நாடகத்தின் உயிரெனக் கருதுவோர் இதனைக் காணத் தவறுவர். இறுதிக் காட்சியில் மேடை இரு தளமாய் அமைகின்றது. கீழே, உயிரோடு அடைக்கப்பட்ட ராடமேஸும், அங்கு முன்னரே வந்து ஒளிந்திருந்த ஐடாவும். மேலே, பொறாமையால் அவனைப் பிடிபடச் செய்த அம்னேரிஸ், அவனுக்கு அமைதி வேண்டி இறைஞ்சுகின்றாள். மாண்டோர் துயர் முடிகின்றது. வாழ்வோள் துயர் தொடர்கின்றது.

ஆகவே, ‘ஐடா’வில் ஒன்று மற்றொன்றை வெல்லவில்லை. இரண்டும் தத்தம் விலையைக் கேட்கின்றன. மாந்தர் அவ்விலையைக் கொடுக்கின்றனர். இந்நாடகத்தின் நிலைபேற்றுக்குக் காரணம் இதுவே எனலாம்.