கொலையாளியின் மனமும் வைத்தியசாலையின் மௌனமும்: ‘த குட் நேர்ஸ்’ பற்றிய சில குறிப்புகள்

நோயாளரைத் தொடர்ந்து கொன்ற வைத்தியர், தாதியர் பற்றி மேனாடுகளில் வெளிவரும் எழுத்துக்கள் பெரும்பாலும் ஒரே வினாவையே சுற்றிவருகின்றன: இவன் ஏன் கொன்றான்? தாயின் மரணம், தனிமை, அதிகார வேட்கை, புகழாசை என விடைகள் அடுக்கப்படுகின்றன. வினா நியாயமானதே. ஆயின் அது கேட்கப்படும் முறையில் ஒரு கருத்துநிலை தொழிற்படுகின்றது. குற்றம் முழுவதும் ஒருவனது உள்ளத்துள் அடங்கிவிடுமாயின், அவனுக்கு வேலையும் மருந்தும் நற்சான்றும் வழங்கிய நிறுவனங்களைப் பற்றிப் பேசவேண்டிய தேவை எழுவதில்லை. சார்ள்ஸ் கிறேபர் 2013இல் வெளியிட்ட ‘த குட் நேர்ஸ்’ என்னும் நூலும், அதனை அடிப்படையாகக் கொண்டு டொபையஸ் லிண்ட்ஹோம் 2022இல் நெறிப்படுத்திய திரைப்படமும் இவ்வழமையிலிருந்து விலக முயல்வதாலேயே இங்கு கவனத்திற்குரியனவாகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் 16 ஆண்டுகள் தாதியாகத் தொழில்புரிந்த சார்ள்ஸ் கல்லன் 2003 டிசெம்பரில் கைதுசெய்யப்பட்டான். 29 கொலைகள் நிரூபணமாயின. உண்மைத் தொகை இதனிலும் மிகப் பெரிது எனக் கருதப்படுகின்றது. டிகொக்சின், இன்சுலின் முதலிய அன்றாட மருந்துகளே அவனது கருவிகள். நோயாளரின் துன்பத்தைக் காணப் பொறாமலே அவ்வாறு செய்ததாக அவன் கூறினான். இக்கூற்று ஆராய்வின்முன் நிற்காது. அவனாற் கொல்லப்பட்டோரிற் சிலர் குணமடைந்து வந்தவர்கள். அன்றியும், களஞ்சியத்தில் இருந்த சேலைன் பைகளுள் அவன் இன்சுலினைச் செலுத்திவைத்தமையை நூல் விவரிக்கின்றது. எந்தப் பை எந்த நோயாளிக்குச் சென்று சேரும் என்பதை அவனே அறியான். முகமறியாதவன் மீது கருணை கொள்வதெங்ஙனம்?

தந்தையைக் குழந்தைப் பருவத்திலும் தாயை 1977இல் வீதி விபத்திலும் இழந்தவன் அவன். பன்முறை தற்கொலைக்கு முயன்றவன். இவற்றை நூல் மறைக்கவில்லை. எனினும் இவற்றிலிருந்து கொலைக்கு ஒரு நேர்கோடு கீற முனையாமை கிறேபரின் நிதானத்தைக் காட்டுகின்றது. அவர் நுணுக்கமாகப் பின்தொடர்வது வேறொன்றை: 9 வைத்தியசாலைகளும் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையமும் அவனைக் கைமாற்றிய வரலாற்றை. ஓரிடத்திற் சந்தேகம் எழுந்தது. அவன் விலகினான், அல்லது விலக்கப்பட்டான். அடுத்த இடத்துக்கு உரிய எச்சரிக்கை செல்லவில்லை. வழக்கு வருமோ என்ற அச்சம் முந்திய நிறுவனத்துக்கு. இரவு வேலைக்கு ஆளில்லாத நெருக்கடி அடுத்த நிறுவனத்துக்கு. 2003 யூலையில், சோமர்செற் வைத்தியசாலையில் நிகழ்ந்தவை ஐயத்துக்குரியன என நியூ ஜேர்சி நச்சுத் தகவல் நிலையம் அந்நிர்வாகத்தை எச்சரித்தது. விடயம் சட்ட அதிகாரிகளிடம் சென்றது ஒக்ரோபரிலேதான். இடைப்பட்ட காலத்திலும் நோயாளர் இறந்தனர். மருந்துகளை வழங்கும் கணினிப் பொறியோ, அவன் எதை வேண்டினான், எதை இரத்துச் செய்தான் என்பதையெல்லாம் பதிந்துகொண்டேயிருந்தது. மருந்து என்ற பண்டத்தின் கணக்கு பிழையற இருந்தது. அதனை நோயாளியின் உயிரோடு சேர்த்து வாசிக்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

இவ்விடத்தில், தனியார் வைத்தியசாலைகளின் இலாப நோக்கே இதற்கெல்லாம் காரணம் என முடித்துவிட நம்மிற் சிலருக்குத் தோன்றலாம். அது எளிய மார்க்சியம். இங்கிலாந்தில் மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள ஹைட் நகரில் ஹரல்ட் ஷிப்மன் தொழில்புரிந்தது அரச சுகாதார சேவையின் கீழேயே. அவன் 215 பேரைக் கொன்றான் என ஜனெற் சிமித் தலைமையிலான விசாரணை 2002இல் முடிவுசெய்தது. அவர்களுட் பெரும்பாலோர் முதிய பெண்கள். இறுதியாக ஓர் உயிலைப் போலியாகத் தயாரித்தமை நீங்கலாக, அவனிடம் பொருளாசை வெளிப்படவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2004இல் சிறையில் தூக்கிட்டு இறந்தான். அங்கே அவனைக் காத்தது சந்தையன்று, வைத்தியன் என்ற தகுதி. ஊசியேற்றியவனே மரணச் சான்றிதழிலும் ஒப்பமிட்டான். அவனது நோயாளர் அடுத்தடுத்து இறப்பதை வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் கவனித்திருந்தார். ஈமச் சடங்கு ஏற்பாட்டாளரும் ஐயுற்றிருந்தனர். வைத்தியனின் சொல்லுக்கெதிரே இத்தகையோரின் சொல் எத்துணை பெறும் என்பதை ஊகித்தல் கடினமன்று. 1998இல் அயலிலிருந்த வைத்தியர் ஒருவரே முறையிட்டபோதும் பொலிஸார் விசாரணையைக் கைவிட்டனர். அதன்பின் மேலும் மூவர் கொல்லப்பட்டனர்.

ஆகவே, கொலையுணர்வு எங்கிருந்து பிறந்தது என்பதை உற்பத்தி உறவுகளிலிருந்து நாம் பெற்றுவிட இயலாது. அதே இரவுப் பணியில், அதே களைப்பில், இலட்சக்கணக்கான தாதியர் உயிர்களைக் காக்கின்றனர். ஒருவன் கொல்லத் தொடங்கியதற்கு உளவியல் ஏதேனும் விடை கூறலாம். அவன் 16 ஆண்டுகள் தொடர முடிந்ததற்கு உளவியலிடம் விடையில்லை.

திரைப்படம் இதனைப் பாதியே உணர்ந்துள்ளது. எடி றெட்மேய்ன் கல்லனை அரக்கனாக்கவில்லை; ஏன் என வினவப்படும்போது, தன்னை எவரும் தடுக்கவில்லை என்பதற்கு மேல் அவன் எதுவும் சொல்வதில்லை. ஜெசிக்கா சஸ்ரெயின் ஏற்ற ஏமி லோக்ரென் என்னும் தாதியின் நிலை இன்னும் கூர்மையானது. இருதய நோயுற்ற அவர், மருத்துவக் காப்புறுதிக்குத் தகுதிபெறும்வரை நோயை மறைத்து இரவுகளில் உழைக்கின்றார். பிணி தீர்ப்போருக்கே பிணி தீர்க்கும் வழியில்லை என்ற முரண்பாடு ஒரு வசன விளக்கமுமின்றி அங்கு புலனாகின்றது. ஆயினும் படைப்பின் வடிவம் அதன் உள்ளடக்கத்துக்குத் துரோகம் செய்கின்றது. நீண்ட வரலாறு ஒரு வைத்தியசாலையாகவும், இரு முகங்களாகவும் சுருங்கிவிடுகின்றது. நிறுவனங்களைக் குற்றஞ்சாட்டத் தொடங்கிய படம், கொடியவன் ஒருவனுக்கும் நல்லவள் ஒருத்திக்கும் இடையிலான உறவாக முடிகின்றது.

லோக்ரெனின் துணிவு மெய்யானது. அதைக் குறைத்துக் கூறல் தகாது. ஆனால் பென்சில்வேனியாவின் சென்ற் லூக்ஸ் வைத்தியசாலையில், அதற்கும் முன்னரே, கல்லனுடன் பணிபுரிந்த தாதியர் எழுவர் தம் சந்தேகத்தை மாவட்டச் சட்ட அதிகாரியிடம் கூட்டாக எடுத்துச் சென்றிருந்தனர். போதிய ஆதாரமில்லை எனக் கூறி அவ்விசாரணை மாதங்கள் சிலவற்றின் பின் கைவிடப்பட்டது. அவ்வெழுவருக்கும் இத்திரைப்படத்தில் ஒரு காட்சிதானும் இல்லை.