ஆண்டர்சனின் .405-க்கு ஸ்கோப் போடலாமா?

கென்னத் ஆண்டர்சனை வாசித்தவர்களுக்கு அவர் துப்பாக்கியின் பேர் மனப்பாடமாக இருக்கும். வின்செஸ்டர் 1895 மாடல், .405 போர், லீவர் வகை ரைபிள். வேட்டைக் கதைப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "இந்த மாதிரி ஒரு பழைய ரைபிளுக்கு நல்ல ஸ்கோப் ஒண்ணு மாட்டியிருந்தா அவர் வேலை எவ்வளவு சுலபமாயிருக்கும்? மாட்டறதா இருந்தா எது பொருந்தும்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டியிருந்தால் அவர் வேலை கெட்டிருக்கும். அவர் எழுதிய கதைகளும் இந்த வடிவத்தில் நமக்குக் கிடைத்திருக்காது. ஆண்டர்சனின் எழுத்தைப் புரிந்துகொள்ள அந்த ரைபிளின் குறிமுனையிலிருந்து ஆரம்பிப்பது நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பழைய பொருளில் புது உதிரியை ஒட்டவைக்கும்போது எங்கே இடிக்கும் என்று பார்ப்பது தொழில்முறைப் பழக்கம்.

முதலில் நம்ம ஊர்த் தொடர்பு. ஆண்டர்சனின் முதல் புத்தகமான 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' 1954-ல் வந்தது. அதில் ஒரு கதை சித்தூர் மாவட்டத்துச் சாமலா பள்ளத்தாக்கில் நடக்கிறது. புத்தகம் வெளியான வருஷத்தில் திருத்தணியும் அதே சித்தூர் மாவட்டம்தான். 1960 ஏப்ரல் 1-ல்தான் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. ஆக, மலைக்கோயில் படியேறி நின்று வடக்கே நகரி மலைகளைப் பார்க்கிறவர்களுக்கு ஆண்டர்சனின் காடு வேற்று நாட்டுக் காடு இல்லை. அதே மாதிரிக் குன்றுகள், அதே மாதிரி முள்காடு. இந்தக் காட்டில் நூறு மீட்டர் தூரத்துக்குத் தடையில்லாமல் பார்வை போவதே அபூர்வம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது ரைபிள். வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். அதுவரை வந்த லீவர் ரைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒரு தோட்டாவின் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைத் தோட்டாவை அப்படி வைத்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்க வாய்ப்பு உண்டு. பிரவுனிங் 1895 மாடலில் பெட்டி மேகசின் வைத்துத் தோட்டாக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். சக்தி அதிகமான தோட்டாக்களுக்கும் இடம் கிடைத்தது. .405 தோட்டா 1904-ல் வந்தது. 300 கிரெய்ன் எடை, அதாவது 19 கிராமுக்குக் கொஞ்சம் மேல். வேகம் வினாடிக்குச் சுமார் 670 மீட்டர். அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனதும் இதே .405-தான். சிங்கத்துக்கு ஏற்ற துப்பாக்கி என்று அவர் இதைக் கொண்டாடினார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெளிவாகத் தெரியாத மனுஷர் அவர்.

ஸ்கோப் எங்கே இடிக்கிறது?

முதல் இடி, காலி ஓடு. லீவரைக் கீழே தள்ளினால் சுட்டு முடித்த ஓடு மேல்பக்கமாக எகிறி வெளியே விழும். ரைபிளின் மேல்புறம் அதற்காகவே திறந்திருக்கிறது. ஸ்கோப்பை எல்லா ரைபிளிலும் வைக்கிற மாதிரி நடு மேலே வைத்தால், ஓடு அதில் மோதித் திரும்ப உள்ளே விழலாம். இரண்டாவது குண்டு தேவைப்படுகிற நேரத்தில் ரைபிள் சிக்கிக்கொள்ளும். எதிரே இருப்பது காகித இலக்கு என்றால் சிரித்துவிட்டு எடுத்துவிடலாம். எல்லா லீவர் ரைபிளுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. சாவேஜ் 99-லும் மார்லின் 336-லும் ஓடு பக்கவாட்டில் போகும், மேல்புறம் மூடியிருக்கும். ஸ்கோப் ஆசை இருக்கிறவர்கள் அவற்றைத்தான் தேடிப் போனார்கள்.

இரண்டாவது இடி, கன்னம். பழைய ரைபிளின் அடிக்கட்டை நன்றாகக் கீழே சரிந்திருக்கும். கன்னத்தை அதில் வைத்தால் கண் நேராகக் குழலை ஒட்டிய இரும்புக் குறிக்கு வரும்படி செய்தது அது. ஸ்கோப் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்தால் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கித்தான் பார்க்கணும். தலைக்குப் பிடிமானம் போச்சு.

மூன்றாவது இடி நிஜமாகவே இடி. ரைபிள் சுமார் 3.7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தோட்டாவின் உந்தத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலே ரைபிள் வினாடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். வெடிமருந்து வாயுவின் பங்கைச் சேர்த்தால் இன்னும் அதிகம். சாதாரண ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே எட்டொன்பது சென்டிமீட்டர்தான் இடைவெளி. கன்னம் வேறு கட்டையில் இல்லை. புருவம் கிழியாமல் வந்தால் அதிர்ஷ்டம்.

இதற்கெல்லாம் மாற்று வழி இல்லையா? இருக்கிறது. இடது பக்கமாகத் தள்ளி மாட்டலாம். அப்போது குறிக்கோடும் குண்டு போகிற கோடும் பக்கவாட்டில் விலகிவிடும். கிட்டத்திலும் தூரத்திலும் ஒரே மாதிரி படாது. இல்லையென்றால் குழல் மேலேயே முன்னால் தள்ளி, கண்ணிலிருந்து ஓர் அடி கிட்ட விலகி நிற்கிற மாதிரிச் செய்த இரண்டரை மடங்கு ஸ்கோப் ஒன்றை மாட்டலாம். ஓடும் தப்பும், புருவமும் தப்பும். கண்டிப்பாக ஸ்கோப் வேண்டும் என்பவருக்கு உருப்படியான தேர்வு இது ஒன்றுதான். கடையில் எல்லோரும் வாங்குகிற 3-9×40 இந்த ரைபிளுக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

ஆனால் இவை எல்லாம் 'எப்படி மாட்டுவது' என்ற கேள்விக்குத்தான் பதில். 'எதற்கு மாட்டுவது' என்பதற்குத் தூரத்தைப் பார்க்க வேண்டும்.

முன்குறியின் மணி 1.6 மில்லிமீட்டர் என்றும், கண்ணிலிருந்து 85 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் தூரத்தில் அந்த மணி மறைக்கிற இடம் சுமார் 3 சென்டிமீட்டர். ஒரு புலியின் உயிர்நிலை, நெஞ்சுப் பகுதி, 20 சென்டிமீட்டர் அகலம் என்று குறைத்தே வைத்தாலும் குறி பார்க்கத் தாராளமாக இடம் இருக்கிறது. 100 மீட்டரில் அதே மணி 19 சென்டிமீட்டரை மறைத்துவிடும். அங்கே இரும்புக் குறி திணறும், ஸ்கோப் ஜெயிக்கும். இதை மறுக்க முடியாது.

இப்போது ஸ்கோப்பை 15 மீட்டருக்குக் கொண்டு வாருங்கள். நாலு மடங்கு ஸ்கோப் 100 மீட்டரில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்தைக் காட்டும். 15 மீட்டரில் அது 1.35 மீட்டர். புலியின் முழு உடம்புகூட அதற்குள் அடங்காது. ஒன்பது மடங்கில் வைத்தால் சுமார் 60 சென்டிமீட்டர். கோடு கோடாக மஞ்சள் ரோமம் தெரியும். அது தோளா, தொடையா என்று தெரியாது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற கருவி, பக்கத்தில் இருப்பதைக் காணாமல் போகவைக்கும்.

ஆண்டர்சனின் கதைகள் நடப்பது இந்தப் பதினைந்து மீட்டருக்குள்தான். கும்மளாபுரம் சிறுத்தையை எடுத்துக்கொள்வோம். தளிக்குப் பக்கத்து ஊர், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம். 42 பேரைக் கொன்ற சிறுத்தை. ஆண்டர்சன் ராத்திரி முழுக்க ஊருக்குள்ளேயே கூரை ஓரமாகக் காத்திருக்கிறார். ஆபத்து வருவது அந்தக் கூரை வழியாக. முதலில் தெரிவது உருவம் இல்லை, சத்தம். இப்படி ஒரு ராத்திரியில் ஸ்கோப் என்ன செய்யும்? ஒரு கண்ணைக் குழாய்க்குள் பூட்டிவிடும், அவ்வளவுதான்.

ஜவளகிரிக் கதை இன்னும் தெளிவான சாட்சி. ஆட்கொல்லிப் பெண்புலி இருட்டில் ஜோடியைத் தேடிக் குரல் கொடுத்துக்கொண்டு போகிறது. ஆண்டர்சன் ஆண்புலி மாதிரிக் குரல் கொடுத்து அதைத் தன் பக்கம் வரவழைக்கிறார். யோசித்துப் பாருங்கள். தூரத்தைக் குறைக்கிற வேலையை ஸ்கோப் கண்ணாடியால் செய்கிறது. இவர் தொண்டையால் செய்கிறார். கண்ணாடியில் பிம்பம்தான் கிட்டே வரும். குரலுக்கு நிஜப் புலியே வந்து நிற்கும். கதையின் மொத்தப் பயமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இருட்டு வேட்டையில் அவருக்குத் துணை, ரைபிளோடு சேர்த்துப் பொருத்திய டார்ச். குழலோடு சேர்ந்த வெளிச்சம் குழல் போகிற இடத்துக்கெல்லாம் போகும். மிருகத்தின் கண் பளிச்சென்று திருப்பி ஒளிரும். குறிமணி மேலேயும் கொஞ்சம் வெளிச்சம் படும். பேட்டரி, பல்பு, ஒரு கிளாம்ப். அந்தக் காலத்துக்கு இதைவிட நல்ல இரவுக் குறி எதுவும் கிடையாது.

ஸ்கோப் பக்கத்து வக்கீல் இரண்டு வாதம் வைக்கலாம். ஒன்று, மங்கலான வெளிச்சத்தில் ஸ்கோப் தெளிவாகக் காட்டும். சரிதான். 2.5×20 ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றை 8 மில்லிமீட்டர் அகலம், இருட்டில் விரிகிற கண்மணிக்குப் போதுமானது. 9×40-ல் அது 4.4-தான். அதாவது மங்கல் நேரத்தில் பெரிய மடங்கு கைகொடுக்காது, சின்ன மடங்குதான் கைகொடுக்கும். இரண்டு, வயசு. நாற்பதைத் தாண்டினால் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. இது நியாயமான வாதம். ஆனால் இதற்கு மருந்து அந்தக் காலத்திலேயே இருந்தது. லைமன் கம்பெனி 1895 மாடலின் பக்கவாட்டில் பொருத்துகிற மாதிரி ஓட்டைக் குறி ஒன்று செய்தது. சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒருசேரத் தெளிவாகும். விரலை மடக்கி ஊசித்துளை மாதிரி வைத்து இந்த வரியை வாசித்துப் பாருங்கள், புரியும். ஓடு எகிற வழியும் விடும், கன்னமும் கட்டையிலேயே இருக்கும்.

இதில் உண்மையில் பணயம் வைக்கப்படுவது குறி தவறுகிறவனின் கௌரவம் இல்லை. காயத்தோடு தப்பும் மிருகம் என்ன ஆகிறது என்பது. சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாக ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். அவர் அதை 1907-ல் சுட்டபோது அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை. இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல்தான் மனிதரிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. ஆட்கொல்லிகளைப் பற்றி ஆண்டர்சனும் பல இடங்களில் இதே காரணத்தைச் சொல்கிறார். ஸ்கோப் செய்கிற பெரிய தீங்கு, 'இவ்வளவு பெரிசாத் தெரியுதே, சுட்டா பட்டுடும்' என்ற நம்பிக்கையைக் கொடுப்பது. கண்ணாடி உருவத்தைப் பெரிசாக்கும். கை நடுக்கத்தைக் குறைக்காது, நடுவில் இருக்கிற முள்செடியை வெட்டாது. இரும்புக் குறியோ 'உன்னால முடியாது, இன்னும் கிட்டப் போ' என்று சொல்லும். போகப் பயமாக இருந்தால் சுடாமல் இரு.

இந்த இடத்தில் ஆண்டர்சன் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. தலைப்புகளில் அவர் 'புள்ளிப் பிசாசு', 'வரிப் பயங்கரம்' என்றெல்லாம் மிருகத்தைப் பேயாக்கிவிடுகிறார். உள்ளே போனால் அதே மிருகத்தின் கால்தடம், பழக்கம், பழைய காயம், வழக்கமாக நடக்கிற பாதை எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்கிறார். தலைப்பு ஸ்கோப்பில் பார்த்து எழுதியது, கதை இரும்புக் குறியில் பார்த்து எழுதியது. நான் கதையை நம்புகிறேன், தலைப்பை இல்லை. அவர் சொன்ன சம்பவமெல்லாம் அப்படியே நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ரைபிளின் கணக்கு அதை நிரூபிக்காது. ஆனால் துப்பாக்கி எதைச் செய்யுமோ அதைத்தான் கதையிலும் செய்கிறது. அந்தக் காட்டில், அந்த வெளிச்சத்தில், அந்தத் தூரத்தில்.

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே இந்த ரைபிளுக்கு வேட்டையில் வேலை இல்லை. தாத்தா காலத்து லைசென்ஸோடு யார் வீட்டிலாவது இருந்தால், அதன் மேல்புறத்தில் ஸ்கோப்புக்காகத் துளை போட வேண்டாம். போட்ட துளையை அழிக்க முடியாது, பழம்பொருள் மதிப்பும் போய்விடும். எண்ணெய் தடவித் துடைத்து அப்படியே வையுங்கள். பக்கத்திலேயே ஆண்டர்சனின் முதல் புத்தகமும் இருக்கட்டும். ஜவளகிரிக் கதையை ராத்திரியில், விளக்கைக் குறைத்து வைத்துப் படிக்கலாம்.