தாகம் எடுக்கும் நிலம்: இணைய விளையாட்டு உலகங்களின் களம் குறித்துச் சில குறிப்புகள்

1

தரம் 9 மாணவர்களுக்கு ‘நான் சென்று வந்த ஓர் இடம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். முப்பத்தெட்டுக் கொப்பிகள் வந்தன. பெரும்பாலானவற்றில் சீகிரியா, கண்டி, பேராதனைப் பூங்கா. அதிகாலையில் எழுந்து பஸ்ஸில் ஏறி, கண்டு களித்து, களைப்போடு வீடு திரும்புகின்ற அதே கட்டுரை. பதினைந்து வருடங்களாக நான் திருத்தி வருகின்ற கட்டுரையும் அதுதான்.

ஒரு கொப்பி மாத்திரம் வேறாக இருந்தது. ஒரு பாலைவனத்தின் வாசலில் காசு கொடுத்து உள்ளே போகின்றான். தோற்பையில் நாலு மிடறு தண்ணீர். அது முடிந்ததும் கள்ளிச் செடியைக் கத்தியால் வெட்டிப் பையை நிரப்பப் பார்க்கின்றான். தண்ணீர் இல்லாமல் திரும்புவதா, முன்னால் போவதா என்று நிற்கின்றான். எழுத்துப் பிழைகள் தாராளம். ஆனால் அந்த மணலில் வெயில் இருந்தது.

நல்ல புள்ளி போட்டுவிட்டு அவனை அழைத்தேன்.

“வாப்பா சவூதியிலயா இருக்கார் மகன்? எப்ப போன நீ?”

“இல்ல சேர். அது கேம்ல உள்ள இடம். காக்கா கட்டாரில இருந்து காசு கட்டித் தந்தது.”

எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தேன். போட்ட புள்ளியை வெட்டுவதற்குப் பேனையை எடுத்தும் விட்டேன். வெட்ட முடியவில்லை. மெய்யாகப் போய்வந்த சீகிரியாவில் இல்லாத இடம், போகாத பாலைவனத்தில் எப்படி வந்தது என்ற கேள்வி என்னைத் தடுத்தது. அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடைதான் இக்கட்டுரை. விளையாட்டைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று நண்பர்கள் முகம் சுளிக்கக் கூடும். சில பக்கங்கள் பொறுத்துக்கொள்ளுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

2

இவ்விளையாட்டுகளைத் தெரியாதோருக்கு ஒரு வார்த்தை. இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைகின்ற கற்பனை உலகம் இது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று நடப்பர், வேட்டையாடுவர், வியாபாரம் செய்வர், சண்டையிடுவர், கதை பேசுவர். ஒருவர் கணினியை அணைத்துவிட்டுப் போனாலும் அவ்வுலகம் அணைவதில்லை.

இதன் ஆரம்பம் படத்தில் அல்ல, சொல்லில் என்பது நம்மவர்கள் அறிய வேண்டிய செய்தி. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் ‘மட்’ என்ற விளையாட்டைத் தொடங்கினார். பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்தெடுத்தார். அதில் ஒரு படம்கூடக் கிடையாது. இடங்கள் யாவும் வசனத்தில் விபரிக்கப்பட்டன. வடக்கே போ என்று எழுதினால் அடுத்த இடத்தின் விபரணை திரையில் வரும். ஆக, இந்த உலகங்களின் மூதாதை ஓர் எழுத்துப் பிரதி. களம் அமைக்கின்ற கலை என்ற வகையில் அது சிறுகதையின் ஒன்றுவிட்ட சகோதரம்தான்.

பின்னர் படம் வந்தது, வண்ணம் வந்தது, இசை வந்தது. இன்று ஒவ்வொரு புல்லும் காற்றில் அசைகிறது. என்றாலும், விளையாடியவர்கள் ஆண்டுகள் கழித்து ஏக்கத்தோடு நினைவுகூரும் இடங்கள் பலவும் படத்தின் அழகுக்காக நினைவுகூரப்படுபவை அல்ல. அவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றில் நானே நடந்து பார்த்தேன். மற்றையவற்றை விளையாடியோரின் பதிவுகளைப் பார்த்தும் அவர்களது அனுபவங்களை வாசித்துமே அறிந்தேன்.

முதலாவது, 1999 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியான ‘எவர்குவெஸ்ட்’. அதன் உலகத்தின் பெயர் நோராத். அங்கே கித்திக்கோர் என்றொரு காடு. பகலில் சாதாரணக் காடு. இரவானால் வலிமை மிக்க பிணங்கள் எழுந்து நடமாடும். அந்த உலகத்தில் ஒரு நாள் என்பது நமது 72 நிமிடங்கள். கண்டத்தின் இரு கரைகளிலும் உள்ள பெருநகரங்களுக்கு இடையே நடந்து போகின்றவன் இக்காட்டைக் கடந்தாக வேண்டும். மனிதப் பாத்திரத்துக்கு இருட்டில் கண் தெரியாது. எல்ஃப் போன்ற சில இனங்களுக்குத் தெரியும். இறந்துபோனால் உடைமை எல்லாம் பிணத்தோடு கிடக்கும், திரும்பப் போய்த்தான் எடுக்க வேண்டும். ஆகவே வழிப்போக்கர்கள் காட்டின் ஓரத்தில் விடியும்வரை காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் பேசினார்கள். பேசியவர்கள் சேர்ந்து போனார்கள். கித்திக்கோரின் பயத்தை உண்டாக்கியது கரிய மரங்களின் படம் அல்ல. ‘இரவில் போகாதே’ என்ற சட்டமும், அதை மீறினால் கொடுக்க வேண்டிய விலையும்தான்.

இரண்டாவதும் அதே உலகத்தில் உள்ளது. கிழக்குக் கொமன்லாண்ட்ஸ் என்ற வெளியில் ஒரு சுரங்கப்பாதை. உருவாக்கியவர்கள் அதனை வெறும் வழியாகவே வைத்தார்கள். விளையாடியோர் அதைச் சந்தையாக்கிக் கொண்டார்கள். அந்த இருட்டுப் பாதையில் நின்று கூவி விற்றார்கள், விலை பேசினார்கள், ஏமாந்தார்கள். 2001 டிசம்பரில் வெளியான விரிவாக்கத்தோடு முறையான சந்தை ஒன்று அமைக்கப்பட்டது. 2002 ஒக்டோபரில் வந்த அடுத்த விரிவாக்கம், தூர நகரங்களுக்கு ஒரு நொடியில் போகின்ற மாய வாயில்களைத் தந்தது. இரண்டும் வசதிதான், கேட்டவர்களும் விளையாடியோரே. ஆனால் சந்தை வந்ததும் சுரங்கம் வெறிச்சோடியது. வாயில்கள் வந்ததும் கித்திக்கோரின் ஓரத்தில் காத்திருப்பதற்கு ஆளில்லாமல் போயிற்று. காட்டில் ஒரு மரத்தையும் எவரும் வெட்டவில்லை, எனினும் காடு போய்விட்டது.

இதிலிருந்து நான் பெறுகின்ற முடிவு இதுதான்: ஒரு களத்தின் சூழல் அதன் தோற்றத்தில் இல்லை. அந்த நிலம் அங்கே வருபவனிடம் எதைக் கேட்கிறது என்பதில் இருக்கின்றது. கித்திக்கோர் நேரத்தைக் கேட்டது. சுரங்கம் வாய்ப்பேச்சைக் கேட்டது.

3

இனி மாணவனின் பாலைவனம். 2001இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ரூன்ஸ்கேப்’ என்ற விளையாட்டில் உள்ள இடம் அது. 2013இல் விளையாடுவோரிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2007ஆம் ஆண்டின் பிரதியை எடுத்துப் பழைய வடிவத்தில் மீண்டும் திறந்தார்கள். 2018இலிருந்து கைபேசியிலும் ஆடலாம். என் சகோதரியின் மகன் நெட் கபே காலத்திலேயே இதில் ஊறியவன். டிசம்பர் விடுமுறையில் அவனுக்குப் பக்கத்திலிருந்து பழகினேன். “மாமா, தண்ணி வாங்காமப் போகாதீங்க” என்றான். கேட்காமல் போனேன். செத்தேன்.

படம் என்று பார்த்தால் பரிதாபம். மணல் என்பது மஞ்சள் நிறத் தரை, ஒட்டகம் என்பது நாலு கட்டை. ஆனால் அல் கரித் என்ற நகரைத் தாண்டி, ஷாண்டே கணவாயில் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போனதும் கண் தோற்பையிலேயே இருக்கின்றது. நாலு மிடறு. வெயில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு மிடற்றை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் முடிந்தால் உயிரை எடுக்கின்றது. கள்ளியை வெட்டினால் சில வேளை நீர் கிடைக்கும், சில வேளை கிடைக்காது. எனது மாணவனின் கட்டுரையில் இருந்த வெயில் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. சீகிரியாவுக்குப் பஸ்ஸில் போன பிள்ளைகளிடம் அந்த மலை எதையும் கேட்கவில்லை. அவர்கள் பார்த்தார்கள், திரும்பினார்கள். இவனிடம் ஒரு நிலம் தண்ணீர் கேட்டது.

ஆனால் இங்கேதான் எனக்கு மனம் கசந்தது. அப்பாலைவனத்தின் நடுவே போல்னிவ்னீச் என்றொரு கிராமம். அங்கே கண்ணில் படுகின்றவர் எல்லோருக்கும் பெயர் அலி. குடிகாரன் அலி, பாம்பாட்டி அலி, கபாப் விற்கும் அலி, ஒட்டகக்காரன் அலி. முதலில் நானும் சிரித்தேன். மருமகனும் சிரித்தான். பிறகு யோசித்தேன். எங்கள் ஊரிலும் ஒரு தெருவுக்கு மூன்று முகம்மதுகள் இருக்கின்றார்கள். அவர்களை நாம் பட்டப்பெயரால் பிரித்தறிகின்றோம். ஒவ்வொரு பட்டப்பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கின்றது, ஒரு வெள்ளம், ஒரு கல்யாணம், ஒரு வழக்கு. அந்தக் கிராமத்து அலிகளுக்குப் பின்னால் தொழில் மாத்திரமே இருக்கின்றது. நிலத்துக்கு இவ்வளவு சிரத்தையோடு தாகம் கொடுத்தவர்கள், மனிதர்களுக்குப் பெயரைக்கூடப் பகிர்ந்து கொடுக்கவில்லை. இதில் வன்மம் இருப்பதாக நான் கருதவில்லை. இது சோம்பல். ஆனால் கேலிக்கு ஆளானவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் படும். போதாக்குறைக்குப் பறக்கும் கம்பளமும் உண்டு. அதில் ஏறினால் கிராமம் வரைக்கும் மணலில் கால் படாது. கீழே கிடக்கும் பாலைவனம் மீண்டும் வெறும் படமாகி விடுகிறது.

இதற்கு எதிர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். அதுதான் நான்காவது இடம். 2002இல் ஜப்பானில் வெளியான ‘ஃபைனல் ஃபெண்டஸி 11’ என்ற விளையாட்டில், 2006இல் அல் ஸாபி என்ற கீழைத்தேய நகரம் சேர்க்கப்பட்டது. பேரரசு, கூலிப்படை, நம் காதுக்கு நெருக்கமான பெயர்கள். ஒட்டோமன் காலத்து நகரங்களை நினைவூட்டுகின்ற அமைப்பு. இங்கும் அலங்காரத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அந்நகரத்தை அவ்வப்போது அயல் படைகள் முற்றுகையிடும். அந்நேரம் அங்கே நிற்கின்ற விளையாட்டாளர்கள் சேர்ந்து காக்க வேண்டும். தோற்றால் நகரவாசிகள் சிறைபிடித்துச் செல்லப்படுவர். அவர்கள் செய்துவந்த வேலை அவர்கள் திரும்பும்வரை நின்றுவிடும். எவராவது எதிரியின் கோட்டைக்குள் புகுந்து மீட்டு வர வேண்டும். நேற்று வரை பொம்மையாக நின்றவர் இன்று இல்லை என்றானதும், அவரது பெயர் மனதில் பதிகிறது. மீட்கப் போகின்றவர்களில் ஜப்பானியரும் அமெரிக்கரும் ஐரோப்பியரும் இருந்தனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. விளையாட்டிலேயே வைக்கப்பட்டிருந்த மொழிபெயர்ப்புச் சொற்றொடர்களைக் கொண்டு பேசிக்கொண்டார்கள்.

போல்னிவ்னீச்சில் நிலம் உயிரோடு இருக்கின்றது, மனிதர் இல்லை. அல் ஸாபியில் மனிதரின் இல்லாமையே நகருக்கு உயிர் கொடுக்கிறது. இரண்டும் நம்மைப் போன்றவர்களின் சாயலில், நம்மவரல்லாத நிறுவனங்களால் ஆக்கப்பட்டவை. பிறர் நம்மை எழுதுவதே பிழை என்று சொல்லிப் பழகிய நான், எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதை இவற்றிலிருந்து கற்றேன்.

4

இவ்விளையாட்டுகளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். ஒரு மரத்தை ஆயிரம் தடவை வெட்ட வைத்து ஒரு படி உயர்த்துகின்ற ஏற்பாடு, பிள்ளைகளின் நேரத்தைத் தின்கின்றது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் கைபேசியோடு கண்விழித்த முகங்களை வகுப்பில் பார்க்கின்றவன் நான். மாதக் கட்டணம் கட்டினால்தான் அந்தப் பாலைவனமே திறக்கும். ஒரு நூலை வாங்கினால் அது நம்முடையது. இந்த உலகங்கள் நம்முடையவை அல்ல. ‘ஸ்டார் வோர்ஸ் கலக்ஸீஸ்’ என்ற விளையாட்டு உலகம் 2003இல் திறந்து 2011 டிசம்பர் 15இல் மூடப்பட்டது. அதில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் மறுநாள் உள்ளே போக முடியவில்லை.

பழையதைத் திரும்பத் திறந்தாலும் எல்லாம் திரும்புவதில்லை. எவர்குவெஸ்டின் ஆரம்ப காலத்தை மீட்டெடுத்து, அபிமானிகள் 2009இலிருந்து தனியாக நடத்தி வருகின்றார்கள். கித்திக்கோர் அங்கே இருக்கின்றது, இரவும் இருக்கின்றது. ஆனால் காட்டின் வரைபடம் எல்லோர் கையிலும் இருக்கின்றது. அறியாமையும் களத்தின் ஒரு பகுதிதான் போலும். அதை எந்தக் கணினியிலும் சேமித்து வைக்க முடியாது.

இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. இருபது வருடங்களாக நமது சிறுகதைகளை வாசித்து வருகின்றேன். கடலும் தென்னையும் நிலவும் பள்ளிவாசல் மினாராவும் அவற்றில் நிறைய வருகின்றன. களச்சித்திரிப்பு நன்று என்று நானே பல விமர்சனங்களில் எழுதியிருக்கிறேன். இப்போது அவற்றைத் திரும்பப் பார்க்கையில், அந்தக் கடல் கதையில் உள்ளவரிடம் எதையாவது கேட்டதா என்று தேடுகிறேன். பல கதைகளில் கடல் பின்னால் தொங்குகின்ற திரைதான். அதை எடுத்துவிட்டு மலையை மாட்டினாலும் கதையில் ஒரு வரி மாறாது. காற்று மாறினால் கடன் ஏறும், வலை கிழிந்தால் கல்யாணம் தள்ளிப்போகும் என்று வாழ்கின்ற ஊரிலிருந்து எழுதுகின்ற நாம், ஒரு தோற்பையின் நாலு மிடற்றுக் கணக்கை நமது கதைகளுக்குள் கொண்டு வரவில்லை. என்னுடைய பழைய விமர்சனங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாணவனின் புள்ளியை நான் வெட்டவில்லை. சக ஆசிரியர் ஒருவர், தலைப்புக்குப் பொருந்தாத கட்டுரைக்குப் புள்ளி கொடுத்தது பிழை என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். அவன் அங்கே போய்வந்தானா இல்லையா என்பதுதான் எங்கள் இருவருக்கும் இடையிலான வழக்கு. வாசகர்களும் தம் அபிப்பிராயத்தை எழுதினால் மகிழ்வேன்.