கள்வரா எல்விஸ்?

எல்விஸ் பிரஸ்லி கறுப்பரின் இசையைக் களவாடியவர் என்பர் ஒரு சாரார்; ராக் அண்ட் ரோலின் அரசரே அவர்தாம் என்று ஆர்ப்பரிப்பர் மறுசாரார். 'ஹவுண்ட் டாக்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1952-இல் அதை முதலில் பாடிப் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் எனும் கறுப்பின மாது. ஆனால், இயற்றியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற வெள்ளை இளைஞர் இருவர்! எனவே, 1956-இல் அதைப் பாடிய எல்விஸைக் கள்வர் எனல் வழக்குக்கு நில்லாது.

குற்றம் எங்கே, தோழர்காள்? கறுப்பருக்கென வகுத்த விற்பனைப் பட்டியலில் தார்ன்டனின் இசைத்தட்டு ஏழு வாரம் முதலிடம். அந்த வேலியைத் தாண்ட அதற்கு வழியில்லை. எல்விஸின் தட்டோ, கறுப்பர் பட்டியல் உட்பட மூன்று பட்டியல்களிலும் முதலிடம்! (இசைத்தட்டுக்கும் தீண்டாமை!) ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் 1986-இல், முதல் வரிசையிலேயே எல்விஸை ஏற்றது. 1984-இல் மறைந்த தார்ன்டனை ஏற்றது 2024-இல்.